காலனிக் கால அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஸ்விஸ்காரரின் பூர்வீக ஊரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மருமகள் பென்சில்வேனியாவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடிந்த வருடம் சம்பந்தி அம்மா ஒரு தடித்த ஜெர்மன் பைபிளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முன்பக்கத்து வெற்றுத்தாளில் பழுப்பேறிய மையில் பிறப்புகளும் இறப்புகளும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "எங்கள் வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தோம் என்பது மட்டும் தெரியும்" என்றார். எனக்கும் அப்போது படிக்கத் தெரியாது. அன்று தொடங்கிய தேடல் ஆறு வருடம் ஓடியது. என்னைப் போலவே அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால், அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்க வேண்டும்? நேராக ஸ்விட்சர்லாந்துக்கு எழுதிக் கேட்டுவிடலாமா?

வேண்டாம். எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான். "1740 வாக்கில் அமெரிக்கா போன ஹான்ஸ் ஹூபர் எந்த ஊர்?" என்று கேட்டு எழுதினால் அங்கே யாராலும் பதில் சொல்ல முடியாது. நம் பக்கம் போய் "1840இல் பினாங்குக்குப் போன முருகேசன் எந்த ஊர்?" என்று கேட்பதைப் போன்றது அது.

இன்றைய தலைமுறையில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் காகிதம் அத்தனையையும் முதலில் பார்த்துவிடுங்கள். உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு, கல்லறைக் கல், குடும்ப பைபிள், இவற்றோடு பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் பூவும் பறவையும் வரைந்து அலங்கரித்து வைத்திருந்த ஞானஸ்நானச் சான்றிதழ்கள். இவற்றில் எங்காவது ஒரு மூலையில் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கும். எங்களுக்கு அது சீர்திருத்தச் சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் போதகர் ஒருவர் எழுதிய அடக்கப் பதிவில் அகப்பட்டது. "பெர்ன் ஆட்சிப் பகுதி, லென்ஸ்பர்க் வட்டத்தில் பிறந்தவர்" என்று ஒரே வரிதான். அந்த ஒரு வரி கிடைக்க மூன்று வருடம் ஆனது.

வந்தவரை மட்டும் தேடாமல் அவரைச் சுற்றி இருந்தவர்களையும் தேடுங்கள். உயிலுக்குச் சாட்சி போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர், ஞானஸ்நானத்தில் பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர் என்று யாரையும் விட வேண்டாம். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் புது நாட்டிலும் அடுத்தடுத்துத்தான் குடியேறினார்கள். உங்கள் ஆளின் ஊர் கிடைக்காதபோது அவருடைய மைத்துனரின் ஊர் கிடைக்கலாம்.

பழைய செய்தித்தாள்களும் உண்டு. கிறிஸ்டோஃப் சௌவர் 1739இல் ஜெர்மன்டவுனில் ஜெர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். கப்பலில் வந்து இறங்கிப் பிரிந்துபோன உறவுகளைத் தேடி அதில் விளம்பரம் கொடுத்தார்கள். இன்னாருடைய தங்கை இன்ன வருடம் வந்தாள், அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தேடுகிறாள், அவர்கள் இன்ன ஊர்க்காரர்கள் என்று இருக்கும். படிக்கும்போது நெஞ்சை அடைக்கும். ஊர்ப்பெயர் தேடுகிறவருக்கோ அது புதையல்.

ஆவணத்தில் "பாலட்டைன்" என்று இருக்கிறது. அப்படியானால் ஸ்விஸ் இல்லையா?

அந்தச் சொல்லை அப்படியே நம்பக் கூடாது. ரைன் ஆற்றின் வழியாக வந்து ஜெர்மன் பேசிய எல்லோரையும் ஆங்கிலேய எழுத்தர்கள் பாலட்டைன் என்றே எழுதிவிட்டார்கள். பாலட்டினேட் என்பது இன்றைய தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த ஒரு ஆட்சிப் பகுதி. அங்கேயே பிறந்தவர்களையும் பாசலில் படகேறி வந்த ஸ்விஸ்காரர்களையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபோது பாலட்டினேட்டில் ஊர் ஊராக ஆள் இல்லாமல் கிடந்தது. அந்த நிலங்களில் பயிர்செய்ய ஸ்விஸ் குடும்பங்கள் ஏராளமாகப் போய்க் குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும்தான் அறுபது, எழுபது வருடம் கழித்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அதாவது பயணம் இரண்டு கட்டமாக நடந்திருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் ஆண்ட்ரியாஸ் ஹூபர் இதற்கு நல்ல உதாரணம். 1738இல் பென்சில்வேனியா வந்த அவர், பாலட்டினேட்டில் உள்ள எல்லர்ஷ்டாட் என்ற ஊரிலிருந்து வந்தவர். குடும்பத்தின் வேர் ஸ்விட்சர்லாந்தின் ஓபர்குல்ம். இடையிலிருக்கும் எல்லர்ஷ்டாட்டைத் தவறவிட்டால் ஓபர்குல்முக்குப் போய்ச் சேர முடியாது.

பூர்வீக ஊர், பூர்வீக ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. மற்ற ஐரோப்பிய நாடுகளில் குடும்ப வரலாறு தேடியவர்களுக்குக்கூட இது சட்டென்று பிடிபடாது. தமிழர்களுக்குப் பிடிபடும்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று நம்மை யாராவது கேட்டால், சென்னையில் பிறந்து சென்னையிலேயே வளர்ந்தவர்கூட "திருநெல்வேலிப் பக்கம்" என்கிறார். தாத்தாவின் ஊர்தான் சொந்த ஊர். ஸ்விட்சர்லாந்தில் இது பேச்சு வழக்கோடு நிற்காமல் சட்டமாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விஸ் குடிமகனுக்கும் ஹைமாட்டோர்ட் என்று ஒரு ஊர் உண்டு. அது தகப்பன் வழியாக வந்தது. அவர் அங்கே பிறந்திருக்க வேண்டியதில்லை, ஒரு நாள்கூட அங்கே தங்கியிருக்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கும் ஸ்விஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் போடாமல் இந்த ஊரைத்தான் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்விட்சர்லாந்தில் குடியுரிமை பெற்ற நம் ஆட்களின் கடவுச்சீட்டிலும், குடியுரிமை கொடுத்த ஸ்விஸ் ஊரின் பெயர்தான் இருக்கும்.

அந்தக் காலத்தில் ஒருவர் ஏழையாகிப்போனால் அவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டிய பொறுப்பு அந்த ஊருக்குத்தான். ஆகவே யார் தன் ஊர்க்காரர், யார் வந்தேறி என்று ஒவ்வொரு ஊரும் கறாராகக் கணக்கு வைத்தது. அந்தக் கணக்குதான் நம்மைப் போன்றவர்களுக்கு இன்று கைகொடுக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. குடும்பப் பெயரும் ஊரும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம். ஹூபர் என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உண்டு; ஒரு ஊர் ஹூபருக்கும் இன்னொரு ஊர் ஹூபருக்கும் எந்த உறவும் இல்லாமல் இருக்கலாம். 1962ஆம் ஆண்டு நிலவரப்படி எந்தெந்தக் குடும்பப் பெயர்களுக்கு எந்தெந்த ஊரில் பூர்வீக உரிமை இருந்தது என்ற முழுப் பட்டியல், ஸ்விட்சர்லாந்தின் வரலாற்று அகராதி இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. 1800க்கு முன்பே உரிமை இருந்த குடும்பமா என்பதும் தெரியும். உங்களுடையது ஹூபர், மாயர், முல்லர் போன்ற பெயர் என்றால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஏஷ்லிமன், நொய்யென்ஷ்வாண்டர் போன்ற பெயர் என்றால் அதிர்ஷ்டம்தான். எம்மென்டால் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சில ஊர்களோடு தேடல் சுருங்கிவிடும்.

குடும்பப் பெயரே மாறிப்போயிருக்கிறது. பழைய பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். ஹூபர் ஹூவராக ஆனார். ஏஷ்லிமன் எஷல்மன் ஆனார். நொய்யென்ஷ்வாண்டர் நைஸ்வாண்டர் ஆனார். கிரேயன்புல் என்ற அழகான எம்மென்டால் பெயர் கிரேபில் ஆகிப்போனது. சிலர் பெயரை மொழிபெயர்த்தே விட்டார்கள். சிம்மர்மன் என்றால் தச்சர்; அவர் கார்ப்பென்டர் ஆனார். ஷ்வார்ஸ் என்றால் கறுப்பு. அவர் பிளாக் ஆனார்.

பெண்களின் பெயரில் கவனம் வேண்டும். பழைய ஜெர்மன் பதிவுகளில் பெண்ணின் குடும்பப் பெயரோடு "இன்" என்ற விகுதி சேரும். ஹூபர் வீட்டுப் பெண் ஹூபரின். அதைத் தனிப் பெயர் என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு. அதே சமயம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஸ்விஸ் தேவாலயப் பதிவுகளில் கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதினார்கள். அதனால் தாய்வழிக் கிளைகளும் தொலைந்துபோவதில்லை.

வெரேனா என்ற பெயர் எங்காவது தென்பட்டால் சந்தோஷப்படுங்கள். சுர்ஸாக் ஊரில் அடக்கமான புனித வெரேனாவின் பெயர் அது. ஸ்விஸ் வீடுகளில் அதற்கு அத்தனை பிரியம். பென்சில்வேனியாவில் அது ஃப்ரோனிகா, ஃப்ரேனி என்றெல்லாம் திரிந்து கிடக்கும். எங்கள் பைபிளில் ஃப்ரோனி என்று இருந்தவர், ஸ்விஸ் பதிவேட்டில் வெரேனாதான்.

கப்பல் பட்டியலில் பார்த்தால் ஊர் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்த பென்சில்வேனியா அரசு, 1727 செப்டம்பரில் வந்த 'வில்லியம் அண்ட் சாரா' கப்பலில் தொடங்கி, 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்றது. அது 1775 வரை நடந்தது. ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை இருக்கலாம். கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று. மற்ற இரண்டிலும் வந்தவர்களே கையெழுத்திட்டிருப்பார்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு குறி போட, பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதியிருப்பார். ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் இவற்றைத் தொகுத்து 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

கையெழுத்துப் படங்கள் இருக்கும் தொகுதியைத் தவறாமல் பாருங்கள். அச்சில் எழுத்துகள் பிழையாக இருக்கலாம். கையெழுத்து பொய் சொல்லாது. 1740இல் கப்பலில் போட்ட கையெழுத்தும் 1770இல் உயிலில் போட்ட கையெழுத்தும் ஒரே கை என்று தெரிந்தால், அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

பெண்களும் குழந்தைகளும் உறுதிமொழிப் பட்டியல்களில் இல்லை. கப்பல் தலைவர்களின் சில பட்டியல்களில் மட்டும் இருப்பார்கள். 1727க்கு முன் வந்தவர்களுக்கு இந்த வரிசைப் பட்டியல் எதுவுமே கிடையாது.

அவர்கள் புறப்பட்டதை ஸ்விஸ் அரசாங்கம் பதிவு செய்யவில்லையா?

செய்தது. விருப்பத்தோடு செய்ததல்ல, கோபத்தோடு செய்தது.

1730களில் அமெரிக்காவின் கரோலினாவுக்குப் போகும் மோகம் ஸ்விஸ் கிராமங்களில் காட்டுத்தீ போலப் பரவியது. நிலம் சும்மா கிடைக்கிறது என்று துண்டுப் பிரசுரங்கள் சுற்றின. பெர்ன், சூரிச், பாசல் அரசுகள் தடை மேல் தடை போட்டன. பெர்ன் ஆட்சியில், போகிறவர் கொண்டுபோகும் சொத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கட்ட வேண்டும், ஊர் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வரிக் கணக்குகளில் பெயரும் ஊரும் தொகையும் இருக்கின்றன.

சூரிச் ஒரு படி மேலே போனது. 1734 முதல் 1744 வரை யார் யார் அமெரிக்கா போனார்கள் என்று ஒவ்வொரு ஊர்ப் போதகரையும் கணக்கெடுத்து அனுப்பச் சொன்னது. 2,000 பேருக்கு மேல் இருக்கிற அந்தப் பட்டியல்களை ஆல்பர்ட் ஃபாஸ்ட் என்ற பேராசிரியர் 1920இல் அச்சிட்டார். பெர்ன், பாசல் பட்டியல்கள் 1925இல் இரண்டாம் தொகுதியாக வந்தன. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் காலனிகளுக்குப் போன ஸ்விஸ்காரர்கள் சுமார் 25,000 பேர் என்பது அவருடைய மதிப்பீடு. ஆக, பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உங்கள் ஆள் போகவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு கூட்டத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். 1734 அக்டோபரில் மோரிட்ஸ் கோட்சி என்ற போதகர் மனைவி மக்களோடு, பெரிய கூட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு சூரிச்சிலிருந்து படகேறினார். கரோலினா போவதாகத்தான் பேச்சு. பாசலைத் தாண்டி ரைனில் போகும்போது குளிரும் பசியும் வாட்டின; இரண்டு பக்கக் கரையிலும் போர்ப் படைகள். ஒருவழியாக ஹாலந்து போய்ச் சேர்ந்தவர்களில் பலர், 1735 மே மாத இறுதியில் 'மெர்க்குரி' கப்பலில் பிலடெல்பியா வந்தார்கள். கரையேறிய கையோடு போதகர் இறந்துபோனார். சூரிச் வட்டாரப் பெயர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்தக் கப்பலின் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள்.

பென்சில்வேனியா தவிர வேறு எங்கே இறங்கினார்கள்?

வடக்குக் கரோலினாவில் நியூ பெர்ன். பெர்ன்காரரான கிறிஸ்டோஃப் ஃபான் கிராஃபென்ரீட் 1710இல் நிறுவிய ஊர். மறுவருடமே டஸ்கரோரா பழங்குடியினரோடு போர் மூண்டது. தம் நிலத்தைப் பறித்துக்கொண்டே போன குடியேறிகள்மேல் அவர்களுக்கு ஆத்திரம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கிராஃபென்ரீட் பிடிபட்டு விடுவிக்கப்பட்டார், குடியிருப்பு சிதறியது.

தெற்குக் கரோலினாவில் சவானா ஆற்றங்கரையில் பரிஸ்பர்க். நொயஷாட்டெல்காரரான ழான் பியேர் புரி 1732இல் தொடங்கியது. பிரெஞ்சு பேசிய ஸ்விஸ்காரர்களும் ஜெர்மன் பேசியவர்களும் அங்கே கலந்து இருந்தார்கள். சதுப்பு நிலக் காய்ச்சலில் நிறையப் பேர் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் மெல்ல வேறு இடங்களுக்கு நகர்ந்தார்கள். தலைக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்ததால் நில மனுக்களில் குடும்பத்தில் எத்தனை தலை என்ற கணக்கு இருக்கும். கொலம்பியா நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள்.

சரி, ஊர் தெரிந்துவிட்டது. அங்கே என்ன கிடைக்கும்?

தேவாலயப் பதிவேடுகள். அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் 1876இல்தான் வந்தது. அதற்கு முந்தையது எல்லாம் போதகரின் ஏட்டில்தான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் நடந்த கையோடு சூரிச் 1520களின் நடுவில் ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது. பெர்னில் 1528இல். எல்லா ஊரிலும் அத்தனை பழைய ஏடு பிழைத்திருக்கவில்லை. இருந்தாலும் 1600களுக்குப் போவது சாதாரணமாக நடக்கிற காரியம்.

பெர்ன் பக்கத்து ஞானஸ்நானப் பதிவு ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இடது ஓரத்தில் தேதி. அடுத்து தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர். கொஞ்சம் தள்ளி, மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகக் குழந்தையின் பெயர். அதற்குப் பக்கத்தில் ஞானப்பெற்றோர் மூவர். ஆண் குழந்தை என்றால் இரண்டு ஆண், ஒரு பெண். பெண் குழந்தை என்றால் இரண்டு பெண், ஒரு ஆண். சூரிச்சில் இருவர்தான். குழந்தையின் பெயர் படிக்க முடியாமல் மை ஊறிப்போயிருந்தாலும் ஞானப்பெற்றோரை எண்ணிப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். நான் இப்படி இரண்டு இடத்தில் தப்பித்தேன்.

சூரிச் பக்கம் இன்னொரு அருமையான ஆவணம் உண்டு. 1634 முதல் போதகர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், வயது என்று ஒரு வீடு முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஊரில் இல்லாத பையன் எங்கே போயிருக்கிறான் என்றும் சில போதகர்கள் எழுதிவைத்தார்கள்.

ஆவணம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். காலனிக் காலத்துப் "பெர்ன்" இன்றைய பெர்னைவிடப் பெரியது. இன்றைய ஆர்காவ் மாநிலத்தின் ஒரு பகுதியும் வோ மாநிலமும் 1798 வரை பெர்னின் கீழ் இருந்தன. எங்கள் லென்ஸ்பர்க் இப்போது ஆர்காவில் இருக்கிறது. பெர்ன் காப்பகத்தில் ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் குழம்பியிருக்கிறேன். ஏடுகள் ஆராவ் நகரத்தில் இருந்தன.

ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள். என் ஆள் யார்?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். நானே இதில் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

ஸ்விஸ் ஊர்களில் ஆண்களுக்குப் புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான்: ஹான்ஸ், ஹைன்ரிக், யாக்கோப், ஊல்ரிக், ரூடால்ஃப். அண்ணன் தம்பி நால்வரும் தத்தம் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் ஒரே வயதில் நாலு ஹான்ஸ். நம் வீடுகளில் நடப்பதுதானே? அதோடு, முதல் ஹான்ஸ் குழந்தையிலேயே இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

எங்கள் பைபிளில் இருந்த பிறந்த வருடத்துக்குப் பொருந்துகிற ஒரு ஹான்ஸைக் கண்டுபிடித்தேன். தகப்பன் பெயரும் ஒத்துப்போனது. சந்தோஷத்தில் அவருக்கு முந்தைய ஐந்து தலைமுறைக்கு மரம் வரைந்து, சட்டம் போட்டுச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியும் விட்டோம். இரண்டு வருடம் கழித்து அதே பக்கத்தை இன்னும் தெளிவான படத்தில் பார்த்தேன். குழந்தையின் பெயருக்கு முன்னால் மெல்லிய கோடாக ஒரு சின்னச் சிலுவை. இறந்துபோன குழந்தைக்குப் போதகர்கள் அப்படிக் குறி போடுவதுண்டு. இறப்பு ஏட்டைத் திருப்பினேன். நாலு வயதில் அடக்கம். நாங்கள் கொண்டாடிய ஹான்ஸ் அந்த ஊரைவிட்டு எங்கும் போகவே இல்லை.

கூடத்திலிருந்து சட்டத்தைக் கழற்றியபோது சம்பந்தி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் குழந்தையையாவது யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்தோமே" என்றார். அந்தப் பெயரை இன்னமும் வைத்திருக்கிறோம், தனியாக ஒரு தாளில்.

ஆகவே ஞானஸ்நானம் கிடைத்தவுடன் மரம் வரையாதீர்கள். ஊரிலுள்ள அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இறப்புப் பதிவு இருக்கிறதா, உள்ளூரில் கல்யாணப் பதிவு இருக்கிறதா, அவர் பின்னாளில் யாருக்காவது ஞானத்தகப்பனாக நின்றாரா என்று பாருங்கள். கப்பலேறிய வருடத்துக்குப் பிறகும் ஊரில் நடமாடுகிறவரை அடித்துவிடலாம். கடைசியில் மிஞ்சுகிறவருக்கும், அவர் அமெரிக்காவில் விட்டுச்சென்ற தடயத்துக்கும் பொருத்தம் வேண்டும். மனைவி பெயர், மைத்துனர் பெயர், கையெழுத்து என்று ஒன்றாவது சேர வேண்டும். எங்கள் உண்மையான ஹான்ஸை அவருடைய ஞானத்தாய்தான் காட்டிக்கொடுத்தார். அந்த அம்மாவின் குடும்பப் பெயர், பென்சில்வேனியாவில் அவருடைய பக்கத்து நிலத்துக்காரருக்கும் இருந்தது.

எங்கள் குடும்பம் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு. ஞானஸ்நானப் பதிவே இல்லையே?

இருக்காது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, விவரம் தெரிந்த வயதில்தான் பெற வேண்டும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. அதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். பெர்ன் அரசு அவர்களை ஒடுக்கத் தனி அலுவலகமே வைத்திருந்தது. பிடித்துக் கொடுக்க ஆள் வைத்தது, நிலத்தைப் பறித்தது, படகில் ஏற்றி நாடு கடத்தியது. 1710இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கைதிகளை, ஹாலந்து மண்ணில் நியமேகன் என்ற இடத்தில் கால் வைத்ததும் அந்த நாடு விடுவித்துவிட்டது. அதே வருடம் வேறொரு கூட்டம் தானாகக் கப்பலேறிப் போய், பென்சில்வேனியாவில் இன்றைய லங்காஸ்டர் வட்டாரத்தில் நிலம் வாங்கியது. அவர்களில் ஒரு குடும்பம் 1719இல் கட்டிய கல்வீடு, ஹான்ஸ் ஹெர் வீடு என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

கொடுமை என்னவென்றால், அவர்களைத் துன்புறுத்திய அரசின் ஏடுகள்தான் இன்று அவர்களுடைய வரலாறு. பறிமுதல் கணக்கு, விசாரணைக் குறிப்பு, ஒழுக்க நீதிமன்றப் பதிவு என்று பெர்ன் காப்பகத்தில் தேடுங்கள். பாலட்டினேட்டில் 1664 முதல் அவர்களுக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள். அங்கே மெனோனைட் குடும்பங்களின் பட்டியல்களும் எடுக்கப்பட்டன. அமெரிக்கப் பக்கம் உயிலும் நிலப் பத்திரமும்தான் துணை.

தேதிகள் பத்து, பதினோரு நாள் முன்பின்னாக இருக்கின்றன. யார் தப்பாக எழுதினார்கள்?

யாரும் இல்லை. இரண்டு நாட்காட்டிகள். சூரிச், பெர்ன், பாசல் ஆகியவை 1700 டிசம்பர் 31க்கு அடுத்த நாளை 1701 ஜனவரி 12 என்று வைத்துப் புது நாட்காட்டிக்கு மாறின. பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 செப்டம்பரில்தான் மாறின. 1751 வரை ஆங்கிலேயச் சட்டப்படி வருடம் மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே பிலடெல்பியா அலுவலகத்தில் 1741 பிப்ரவரி 10 என்று எழுதிய உயில், ஸ்விஸ் கணக்கில் 1742 பிப்ரவரி 21. ஆவணத்தில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மாற்றியதைப் பக்கத்தில் குறியுங்கள்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. முடியுமா?

முடியும். பதிவேட்டு மொழி நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். கஷ்டம் மொழியில் இல்லை, குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில்தான். அதில் ‘இ’, ‘என்’, ‘எம்’ எல்லாம் ஒரே மாதிரி மேலும் கீழும் போகிற கோடுகள். நான் ஒரு நோட்டு வாங்கி தினமும் ஒரு பக்கம் அந்த எழுத்தை எழுதிப் பழகினேன். எழுதக் கற்றால்தான் படிக்க வருகிறது. மூன்று மாதத்தில் பெயர்களைப் படிக்க முடிந்தது.

பணம் நிறையச் செலவாகுமா?

ஆகாது. பெர்ன் மாநிலக் காப்பகம் தேவாலய ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஃபேமிலிசெர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளமும் இலவசம். சில படங்களை மட்டும் அவர்களுடைய மையங்களுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். குலச்சின்னம் என்று சட்டம் போட்டு விற்கிறார்களே, அதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். அதே பெயருள்ள வேறு ஊர்க் குடும்பத்தின் சின்னமாக அது இருக்கலாம்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் வேலை சுலபமாகுமா?

ஓரளவுக்கு. வந்தவர் எட்டுத் தலைமுறைக்கு முந்தையவர் என்றால் அந்தத் தலைமுறையில் உங்களுக்கு 256 முன்னோர்கள். ஒருவருடைய பங்கு சராசரியாக அரை சதவீதம்கூட இல்லை. சாதாரணச் சோதனையில் அது காணாமலே போய்விடலாம். ஆண்வழியாக மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை பயன்படும். ஹூவர் ஒருவரும் ஸ்விஸ் ஹூபர் ஒருவரும் பொருந்தினால் வலுவான சான்று. ஆனால் எந்த ஊர் ஹூபரைச் சோதிப்பது என்று தெரிய, மறுபடியும் காகிதத்துக்குத்தான் வர வேண்டும்.

ஊரைக் கண்டுபிடித்த பிறகு நேரில் போனால் முன்னோர்களின் கல்லறையைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆசையோடு போய் ஏமாந்து நின்றவர்கள் பலர். இடம் குறைந்த நாடு அது. இருபது, இருபத்தைந்து வருடம் ஆனதும் கல்லறையை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 1700களின் கல்லறையை ஊர்ப்புறத்து இடுகாட்டில் தேடிப் பயனில்லை.

தேவாலயம் இருக்கும். பல ஊர்களில் அதற்குள் இருக்கும் ஞானஸ்நானக் கல்தொட்டியும் பழையதுதான். போன கோடையில் குடும்பத்தோடு போனோம். சாவி வைத்திருந்த பெரியவர் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கி நின்றார். சம்பந்தி அம்மா தொட்டியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கல் ஜில்லென்று இருக்கிறது என்றார். அப்புறம் பேத்தியைத் தூக்கி, அவளையும் தொடச் சொன்னார்.